பதினோராவது வரிசையில் ஒரு படகு

“ஆன்ட்டி, என் பொண்ணு எங்க இருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. அவரை நான் கோர்ட்ல பாத்துக்கறேன்.”

ஷ்யாமளா இதைச் சொன்னபோது அமெரிக்காவில், எங்கள் பார்சிப்பனி ஊரில், வெள்ளிக்கிழமை காலை மணி பதினொன்று. அவள் கேட்ட பெண்ணுக்கு ஒன்பது வயது, பெயர் மானஸா. மத்தியதரைக் கடலில் மெனோர்கா என்ற ஸ்பெயின் தீவின் கரையோரம், வாடகைக்கு எடுத்த பாய்மரப் படகு ஒன்றில் அப்பாவோடு இருந்தாள். அங்கே அப்போது மாலை ஐந்து. தீவைச் சுற்றி எந்த மூலையில் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

காலையிலேயே அழுகிற கிளையண்ட் என்றால் எனக்கு ஆகாது. இவள் அழவில்லை. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணி வந்து, காபி வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி, லேப்டாப்பைத் திறந்து மேஜை மேல் வைத்துவிட்டாள். அழாதவர்களைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பயம்.

நான் நவநீத். போன வருஷம் வரை ஒரு மருந்துக் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். லே-ஆஃப் ஆனபிறகு மனைவியின் விசாவில் ஒட்டிக்கொண்டு, சாந்தாமணி மேடத்திடம் உதவியாளனாக இருக்கிறேன். உதவியாளன் என்றால் ரிசப்ஷன், காபி, பிரிண்டரில் சிக்கிய பேப்பரைப் பிடுங்குவது எல்லாம் சேர்த்து. ஆபீஸ் ரூட் 46 மேல், ஒரு பல் டாக்டருக்கு மாடியில். எங்கள் கிளையண்டுகள் சோகத்தைச் சொல்லும்போதெல்லாம் கீழே யாருக்காவது பல்லைக் குடைந்துகொண்டிருப்பார்கள்.

சாந்தாமணி மேடத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. பொள்ளாச்சிக்காரர். இருபத்திரண்டு வருஷம் படகு இன்சூரன்ஸ் க்ளெய்ம்களை விசாரித்தவர், இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். மூழ்கின படகைப் பார்த்தே முதலாளி எதை மறைக்கிறார் என்று சொல்லிவிடுவார். நான் எதை மறைத்தாலும் அதற்கும் முன்னாலேயே சொல்லிவிடுவார்.

“மொதல்லேருந்து சொல்லு கண்ணு,” என்றார் மேடம்.

ஷ்யாமளா சொன்னாள். கணவன் க்ரிஷ், ஐ.டி.யில் புரோகிராம் மேனேஜர். ஆறு மாதமாகத் தனித்தனி வீடு. திங்கட்கிழமை நியூ பிரன்ஸ்விக் கோர்ட்டில் குழந்தை யாரிடம் என்ற விசாரணை. அதற்கு முன் ஒரு வாரம் மகளோடு லீவு போக கோர்ட் அனுமதித்தது. போன கோடையில் ஜெர்சி கடற்கரையில் படகு ஓட்டக் கற்று ஒரு சர்டிஃபிகேட் வாங்கியவன், அதை வைத்து மெனோர்காவில் படகு எடுத்தான். நேற்று மாலை ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

“போன் ஸ்விட்ச் ஆஃப். படகுக் கம்பெனிக்காரங்க ரேடியோவுல கூப்ட்டாங்க, நோ ஆன்ஸர். ரெண்டையும் அவரே ஆஃப் பண்ணிட்டார், ஆன்ட்டி. ரெண்டு நாள் தெக்கால ஓட்டினா ஆப்பிரிக்கா. அங்கேருந்து குழந்தையைக் கூட்டிட்டு எங்க வேணா போலாம். அவர் ஓடிட்டார்னு ப்ரூஃபோட ஒரு ரிப்போர்ட் வேணும்னு என் லாயர் சொல்றார்.”

“ரிப்போர்ட் எங்கயும் போயராது. மொதல்ல புள்ளயப் பாக்கோணும். நவநீத், காத்து என்ன சொல்லுது?”

நான் வானிலைப் பக்கத்தைத் திறந்தேன். மெனோர்காவில் இன்று இரவு ஒன்பது மணியிலிருந்து பலத்த கிழக்குக் காற்று, மணிக்கு எண்பது கிலோமீட்டர் வரை. எங்கள் கணக்கில் மதியம் மூன்று மணி.

“நாலு மணி நேரம் இருக்கு மேடம்,” என்றேன். நகைச்சுவை எதுவும் வரவில்லை.

தீவின் மீட்புக் கட்டுப்பாட்டு அறைக்கு மேடம் போன் போட்டார். ஸ்பீக்கரில் ஒரு பெண் அதிகாரி, பொறுமையான ஆங்கிலத்தில் பேசினாள். புயலுக்கு முன் எல்லோரும் உதவி கேட்கிறார்கள், ஹெலிகாப்டர் வேறு தேடலில் இருக்கிறது, ஒரு படகை அனுப்ப முடியும். “தீவைச் சுற்றி எழுபது எண்பது விரிகுடா இருக்கிறது. எனக்கு ஒன்றைச் சொல்லுங்கள்,” என்றாள்.

ஒன்று! மேடம் ஷ்யாமளா பக்கம் திரும்பினார். “உன்ற வீட்டுக்காரரு எங்கெங்க தங்கறதுன்னு எழுதி வெச்சிருப்பாரே?”

“எழுதாம இருப்பாரா? பால் வாங்கவே ஷீட் போடுவார்.” ஷ்யாமளா லேப்டாப்பைத் திருப்பினாள். “ஷேர்டு ட்ரைவ்ல இது மட்டும் கிடைச்சுது.”

எக்ஸெல் ஷீட். பதினாலு வரிசை, வரிசைக்கு ஒரு விரிகுடா. வாயில் நுழையாத பெயர்களுக்குப் பக்கத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை. அப்புறம் கடலடி மணலா புல்லா, ஆழம் எத்தனை மீட்டர், துறைமுகத்துக்கு எத்தனை நிமிஷம், அக்கம்பக்கம் அமைதியா என்று பத்துக்கு மார்க். கடைசியில் ஒரு தலைப்பைப் பார்த்து நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

“தயிர் கிடைக்குமா, எஸ் ஆர் நோ. மேடம், கொலம்பஸ்கூட இவ்வளவு விவரமா கிளம்பல.”

“வாய மூடிட்டு அந்த ஸ்டேப்ளர எடு,” என்றார் மேடம்.

எடுத்தேன். அதை மேஜையில் நிற்க வைத்து, பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைப் போட்டார். “நங்கூரம் போட மூணு விசயம் பாக்கோணும். அடியில மணல் இருக்கோணும், புல்லுல நங்கூரம் புடிக்காது. ஆழம் அஞ்சாறு மீட்டர் போதும். மூணாவதுதான் உசுரு. காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ, அந்தப் பக்கம் மலை இருக்கோணும்.” ஸ்டேப்ளருக்கு அந்தப் பக்கமிருந்து ஊதினார். காகிதம் அசையவில்லை. இந்தப் பக்கமிருந்து ஊதினார். காகிதம் பறந்து என் மடியில் விழுந்தது. “இன்னிக்கு வாரது கெழக்குக் காத்து. அப்ப கெழக்கால மலை, மேற்கால வாசல். மேப்பைப் பாத்துச் சொல்லு, இதுல எது?”

ஒவ்வொன்றாக மேப்பில் பார்த்தேன். மணல், ஆழம், கிழக்கே மலை மூன்றும் பொருந்தியது நாலாவது வரிசை ஒன்றுதான். தீவின் மேற்குக் கோடி. மேடம் அந்த அதிகாரியிடம் இடத்தைப் படித்துச் சொன்னார். மீட்புப் படகு கிளம்பியது.

அடுத்த ஐம்பது நிமிஷம் யாரும் உருப்படியாக எதுவும் செய்யவில்லை. கீழே டாக்டர் யாருடைய பல்லையோ விடாமல் குடைந்தார். நான் போட்ட காபியை நானே குடித்தேன்.

பன்னிரண்டு இருபதுக்குப் போன் அடித்தது.

“விரிகுடா காலி. நேற்றிலிருந்து அங்கே யாரும் நங்கூரம் போடவில்லை என்று கரையில் ஹோட்டல் நடத்துபவர் சொல்கிறார்,” என்றாள் அதிகாரி. “அடுத்தது எங்கே?”

மேடத்தின் முகம் சுண்டிவிட்டது. நான் சேர்ந்த நாளிலிருந்து அவர் தப்பாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஷ்யாமளா எழுந்து நின்றாள்.

“நான்தான் சொன்னேனே! அவர் தீவுலயே இல்ல. என் குழந்தை நடுக்கடல்ல இருக்கா. நீங்க ஸ்டேப்ளரை ஊதிட்டு உக்காந்திருக்கீங்க!”

“ஏசு கண்ணு, என்ற மேல தப்புத்தான். ஆனா ஏசிக்கிட்டே அந்தப் புள்ள கடைசியா அனுப்பினதக் காட்டு.”

ஷ்யாமளா போனை நீட்டினாள். க்ரிஷின் போனிலிருந்து மானஸா அனுப்பிய போட்டோ. நேற்று அந்த ஊர் நேரம் மதியம் பன்னிரண்டு இருபத்தைந்து. படகின் உள்ளே, கையில் காலித் தட்டோடு மானஸா பல்லைக் காட்டிச் சிரித்தாள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: ‘போன் த்ரீ பர்சென்ட். டாட் சார்ஜ் பண்ணுவார், ஆஃப்டர் ரைஸ். லவ் யூ.’

“ஆஃப்டர் ரைஸ்,” என்று மேடம் திருப்பிப் படித்தார். போட்டோவைப் பெரிதாக்கினார். மானஸாவின் முழங்கைக்குப் பின்னால் வெள்ளையாக, உருண்டையாக ஒன்று இருந்தது. மூடியில் பூப்போட்ட டிசைன். முன்னால் சின்ன சிவப்பு விளக்கு.

“இதென்ன?”

ஷ்யாமளா குனிந்து பார்த்தாள். “ஐயோ, எங்க பேஸ்மென்ட்ல இருந்த ரைஸ் குக்கர்! கல்யாணத்துக்கு அம்மா குடுத்தது. ஊர் வோல்டேஜ், இங்க வேலை செய்யாது. பத்து வருஷமா பெட்டியைப் பிரிக்காம கிடந்தது. ஐரோப்பால டூ-ட்வென்ட்டி வோல்ட்னு எடுத்துண்டு போயிருக்கார்.”

“படகுல கரண்டு வீட்டுல வாரது மாதிரி இல்ல கண்ணு,” என்றார் மேடம். குரல் மாறிவிட்டது. “எல்லாம் பேட்டரி. அதுல குக்கரச் சொருகினா, சோறு வேகறதுக்குள்ள பேட்டரி செத்துரும். ஹேர் ட்ரையர் போட்டு ஒருத்தன், இஸ்திரி போட்டு ஒருத்தன்னு நான் நாலு க்ளெய்ம் பாத்திருக்கறேன். பேட்டரி போனா ரேடியோ போச்சு, போனுக்குச் சார்ஜ் போச்சு. என்ஜின் கிளம்பாது. நங்கூரத்த மேல இழுக்கற மோட்டாரும் ஓடாது.”

ஷ்யாமளாவுக்கு அர்த்தம் விளங்க ஒரு நிமிஷம் ஆனது. எனக்கும்தான்.

“அப்ப அவர் ஆஃப் பண்ணலையா?”

“தப்பிச்சு ஓடறவன் எவனாவது சோத்துக்கு ஒல வெப்பானா? நேத்து மத்தியானம் எங்க நங்கூரம் போட்டானோ, இன்னும் அங்கயேதான் இருக்கறான். நவநீத், கெழக்குக் காத்துன்னு எச்சரிக்கை எப்ப வந்துச்சு?”

தேடினேன். “நேத்து அங்க மதியம் மூணு மணிக்கு, மேடம்.”

“சோறு வெச்சது பன்னண்டரைக்கு. எச்சரிக்கை வந்தப்ப போன் இல்ல, ரேடியோ இல்ல. அவனுக்குக் காத்து வாரதே தெரியாது! காத்தப் பாத்து எடத்தப் புடிச்சிருப்பான்னு நான் நெனச்சதுதான் தப்பு. காத்தையே பாக்காம, வேற எதையோ பாத்துப் புடிச்சிருக்கறான்.” மேடம் ஷீட்டை முறைத்தார். “எதப் பாத்தான்?”

மணி பன்னிரண்டு நாற்பது. நான் மறுபடி ஷீட்டின் முன் உட்கார்ந்தேன். மணலைப் பார்த்தால் ஆறு விரிகுடா. ஆழத்தைப் பார்த்தால் எட்டு. தயிரைப் பார்த்தால் மூன்று. இத்தனை மார்க் போட்டவன் கடைசியில் கூட்டாமல் விடுவானா? பதினோரு வருஷம் அடுத்தவன் தப்பைத் தேடியே சம்பளம் வாங்கின கண் எனக்கு. அது ஷீட்டின் மேல் விளிம்புக்குப் போனது. ஒவ்வொரு தலைப்புக்கும் மேலே அந்த ஆங்கில எழுத்து வரிசை. ஏ, பி, சி என்று போய் ஹெச்சில் வந்து நின்றது. அடுத்தது கே.

“மேடம், ஐயும் ஜேயும் காணோம்.”

“காணோம்னா?”

“ஒளிச்சு வெச்சிருக்கார்.”

ரைட் கிளிக் பண்ணினேன். இரண்டு தலைப்புகள் விரிந்தன. ஒன்று ‘டோட்டல்’. இன்னொன்று ‘ஃபேஸிங்’. அதற்குக் கீழே ஈஸ்ட், நார்த், சவுத், வெஸ்ட். ஈஸ்ட் என்ற கட்டங்களெல்லாம் பச்சை. சவுத் எல்லாம் சிவப்பு. ஈஸ்ட்டுக்கு மட்டும் இருபத்தைந்து மார்க்.

“எந்தக் கூமுட்டைடா விரிகுடாவுக்கு வாஸ்து பாக்கறான்?” என்று என்னை மீறிச் சொல்லிவிட்டேன்.

ஷ்யாமளா கோபப்படவில்லை. திரையின் அடியில் ஷீட்டின் பழைய பெயரை விரலால் தொட்டாள். ‘ஹவுஸ் ஃபைனல் வி-செவன் காப்பி’ என்று இருந்தது.

“இது எங்க வீட்டு ஷீட்,” என்றாள். “வீடு வாங்கறப்போ போட்டது. ஸ்கூல் ரேட்டிங்கை அழிச்சுட்டு மணல்னு போட்டிருக்கார். ட்ரெயின் ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம்னு இருந்ததுதான் இப்போ துறைமுகத்துக்கு. இந்த ஃபேஸிங் அவர் அப்பாவுக்காகப் போட்டது. மெட்ராஸ்லேருந்து வீடியோ கால்ல, கிழக்குப் பார்த்த வீடா, கிழக்குப் பார்த்த வீடான்னு பிடுங்கி எடுத்துட்டார். எவ்ளோ நல்ல வீடு, மேற்குப் பார்த்ததுன்னு விட்டோம் தெரியுமா? இதுக்காகவே நாங்க போட்ட சண்டை!”

“படகுக் கம்பெனிக்கு ஷீட்டை அனுப்பறப்ப, வெள்ளைக்காரன் சிரிப்பான்னு இந்த ரெண்டையும் மறைச்சிருக்கார்,” என்றேன். “மார்க்கை மட்டும் எடுக்கலை.”

“நான் கடலோடியத் தேடிட்டிருந்தேன்,” என்றார் மேடம் மெதுவாக. “வீடு வாங்கறவனத் தேடியிருக்கோணும். டோட்டல்ல எது மொதல்ல வருது?”

“பதினோராவது வரிசை. தொண்ணூத்தொண்ணு. தீவோட கிழக்குக் கரை. அக்கம்பக்கம் அமைதிக்குப் பத்துக்குப் பத்து. ரோடு கிடையாது, கடை கிடையாது, ஒரு ஆள் கிடையாது.”

“வாசல்?”

“நேர் கிழக்கு.”

மேடம் ஸ்டேப்ளரைப் பார்த்தார். இந்தப் பக்கமிருந்து ஊதினால் காகிதம் எங்கே போனது என்று மூன்று பேருக்கும் ஞாபகம் இருந்தது. வருகிற காற்று நேராக அந்த வாசல் வழியாக நுழையும். படகின் பின்னால் இருப்பது பாறை. என்ஜின் கிளம்பாது, நங்கூரம் எழும்பாது, கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்காது. உள்ளே ஒன்பது வயதுக் குழந்தை.

இந்தத் தடவை போனில் பேசியது ஷ்யாமளா. எண்களை ஒவ்வொன்றாக, பிசகாமல் படித்தாள். “ப்ளீஸ், என் பொண்ணு அங்கதான் இருக்கா,” என்று ஆங்கிலத்தில் மூன்று தடவை சொன்னாள்.

“எங்கள் படகு இப்போது மேற்குக் கோடியில் இருக்கிறது. கிழக்குக் கரைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்,” என்றாள் அதிகாரி. “காற்று எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் ஆரம்பித்துவிட்டது. போனை வைக்காதீர்கள்.”

வைக்கவில்லை. ஸ்பீக்கரில் அந்த அறையின் ரேடியோக்கள் புரியாத பாஷையில் பேசிக்கொண்டே இருந்தன. மேற்கு என்று சொல்லி ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டோம் என்பது மேடத்தின் முகத்தில் எழுதியிருந்தது. என் மனைவி லஞ்சுக்கு என்ன என்று மெசேஜ் அனுப்பினாள். பதில் போடவில்லை.

ஒன்றரை ஆனது. ஷ்யாமளா ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து ராத்திரி பூரா அவரைத் திட்டிண்டு இருந்தேன், ஆன்ட்டி. செத்துப் போகட்டும்னுகூடச் சொன்னேன்.”

“கோவத்துல சொல்றதெல்லாம் கணக்குல வராது, கண்ணு,” என்றார் மேடம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு ஸ்பீக்கரில் ரேடியோ கத்தியது. அதிகாரியின் குரல் உடனே வந்தது.

“படகு தெரிகிறது. நீங்கள் சொன்ன இடம்தான். நங்கூரம் பிடி விட்டு இழுபடுகிறது. பாறைக்கு அறுபது மீட்டர்தான் இருக்கிறது.”

ஷ்யாமளா என் மேஜை விளிம்பைப் பற்றினாள். நான் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன், வெட்கமில்லாமல். கீழே டாக்டர் லஞ்சுக்குப் போய்விட்டார் போல. சத்தமே இல்லை.

“நாற்பது மீட்டர். கயிறு வீசுகிறார்கள்.”

அப்புறம் வெறும் இரைச்சல். ஒரு ஆணின் கத்தல், என்ன மொழி என்றே தெரியவில்லை. மறுபடி இரைச்சல். மேடம் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை நேரம் என்று கேட்டால் நான் அரை மணி என்பேன். கடிகாரம் நாலு நிமிஷம் என்றது.

“கயிறு கட்டியாகிவிட்டது. வெளியே இழுத்துவிட்டார்கள்,” என்றாள் அதிகாரி. “குழந்தை நன்றாக இருக்கிறாள். எங்கள் படகுக்கு மாற்றிவிட்டோம். அப்பாவுக்கு இரண்டு உள்ளங்கையும் கிழிந்திருக்கிறது. சங்கிலியைக் கையாலேயே இழுக்கப் பார்த்திருக்கிறார். அம்மாவோடு பேசுகிறாயா என்று குழந்தையைக் கேட்கிறார்கள்.”

சில நொடிகளில் மீட்புப் படகின் போனிலிருந்து மானஸாவின் குரல், காற்றைத் தாண்டி வந்தது.

“மாம்? ஐ’ம் ஓகே. டாட் இஸ் க்ரையிங்.”

“கண்ணா, பயந்துட்டியாடா?”

“அ லிட்டில். பட் டாட் செட் யூ வில் ஃபைண்ட் அஸ்.”

“நான் எப்படிடா கண்டுபிடிப்பேன்னு சொன்னார்?”

“ஹீ செட், அம்மா ஸ்டில் ஹாஸ் தி ஷீட்.”

காலையிலிருந்து அழாதவள் அப்போது அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, வெட்கப்படாமல் அழுதாள். நான் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். எனக்கும் இரண்டு டிஷ்யூ தேவைப்பட்டது. அதை யாரிடமும் சொல்வதாக இல்லை.

கொஞ்சம் தேறியதும் ஷ்யாமளா லேப்டாப்பை இழுத்தாள். ‘ஃபேஸிங்’ என்ற தலைப்பைத் தேர்ந்தெடுத்து, அடியோடு டெலீட் பண்ணினாள். பதினோராவது வரிசையின் டோட்டல் கட்டத்தில் தொண்ணூற்றொன்று போய் அறுபத்தாறு வந்தது. நாலாவது வரிசை முதலிடத்துக்கு ஏறியது.

மேடம் அவள் கொண்டுவந்த வக்கீல் ஃபைலைத் திறந்து, பேனாவை எடுத்தார். “திங்கக்கெழம கோர்ட்டுக்கு ரிப்போர்ட் கேட்டியே. என்னன்னு எழுதட்டும்?”

ஷ்யாமளா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள்.

“அவர் ஓடலைன்னு எழுதுங்க, ஆன்ட்டி. குழந்தையை விட்டுட்டு ஒரு நிமிஷம்கூட நகரலைன்னு எழுதுங்க.” கதவு வரை போனவள் நின்று திரும்பினாள். “குக்கரையும் எழுதுங்க. அதை மட்டும் விட்டுடாதீங்க.”